இருக்கிற ஃபைலை 'இல்லை'ன்னு காட்டாதீங்கய்யா!

"சார், ஷேர் ஃபோல்டர் காலியா இருக்கு. யாரோ அழிச்சுட்டாங்க." ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸ்ல கணக்குப் பார்க்கிற அம்மா போன் பண்ணி அழாத குறையா சொன்னாங்க. மாச ரிப்போர்ட் மொத்தமும் அதுக்குள்ளதான். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. சர்வர்ல நுழைஞ்சு பார்த்தா 42 ஃபைலும் அப்படியே இருக்கு. அவங்க விண்டோஸ்ல மட்டும் 'இந்த ஃபோல்டர் காலி'ன்னு வருது.

காலி இல்லை. பச்சைப் பொய் அது!

எஃப்5 அடிச்சோம், மெஷினை ரீஸ்டார்ட் பண்ணோம், யூனிக்ஸ் சர்வர்ல இருக்கிற ஃபைலை விண்டோஸுக்குக் காட்டுற சாம்பாவையும் ரீஸ்டார்ட் பண்ணோம். ரெண்டு மணி நேரம் போச்சு. விடை என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு: அந்த 42 ஃபைலுக்கும் பர்மிஷன்ல ஆர் (படிக்க), டபிள்யூ (எழுத), அதுக்கப்புறம் ஏழு கோடு. அதாவது 600. ரூட் கிரான்ல, அதாவது அட்மின் பேர்ல குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடுற ஸ்கிரிப்ட்ல, யாரோ உமாஸ்க் (புது ஃபைல்ல எந்த உரிமையை எடுக்கணும்னு சொல்ற எண்) 077ன்னு வெச்சிருக்காங்க, ஓனரைத் தவிர ஒருத்தரும் படிக்க முடியாது. அது கூடப் பரவாயில்ல. சாம்பா கான்ஃபிக்ல 'ஹைட் அன்ரீடபிள் = யெஸ்'னு ஒரு வரி. இயல்பா 'நோ'ன்னு இருக்கிறதை எவரோ மாத்திட்டு, ஏன்னு ஒரு கமென்ட் கூட எழுதாம போயிட்டாங்க. படிக்க உரிமை இல்லாத ஃபைல் பட்டியல்லயே வராது. 'ஆக்சஸ் டினைட்'னு ஒரு வார்த்தை வந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை!

சரின்னு ஃபைல் குரூப்பை மாத்தி, அந்தக் குரூப்பும் படிக்கிற மாதிரி 640 போட்டு, அவங்களையும் அந்தக் குரூப்ல சேர்த்தேன். அப்பவும் காலி! இணைப்பு தொடங்கினப்போ எடுத்த குரூப் பட்டியலையே அவங்க இணைப்புக்காக சாம்பா ஓட்டுற எஸ்எம்பிடி ப்ராசஸ் வெச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதைக் கொன்னு, அவங்க மறுபடி இணைஞ்ச பிறகுதான் எல்லாம் வந்தது.

இது முதல் தடவையும் இல்லை. போன மாசம் இதே அம்மா, "பேக்கப் ஃபைலைக் காணோம், டில்டா போட்டு எழுத்தும் நம்பருமா ஏதோ வைரஸ் மாதிரி கிடக்கு, அழிச்சுடட்டுமா"ன்னு கேட்டாங்க. கையைப் பிடிக்காத குறையா தடுத்தேன். அதுதான் அந்த பேக்கப்! ஸ்கிரிப்ட் எழுதினவர் பேர்ல நேரத்தை 22:30ன்னு போட்டிருக்கார். யூனிக்ஸ்ல முக்காற்புள்ளி செல்லும், விண்டோஸ்ல செல்லாது. சாம்பா அதுக்கு எட்டெழுத்துப் பேர் ஒண்ணு வெச்சுக் காட்டுது. அழிச்சிருந்தா அசலே போயிருக்கும். ஒரு ஹைஃபன் போடுறதுல என்னய்யா கஷ்டம்? பெரிய எழுத்து, சின்ன எழுத்துல மட்டும் வித்தியாசப்படுற ரெண்டு ஃபைல் போடுறவங்களுக்கும் இதே கேள்விதான். விண்டோஸ்ல எதைத் திறந்தாலும் ஒண்ணுதான் திறக்குது.

விண்டோஸ் பழைய பட்டியலைப் பத்து செகண்ட் கேஷ்ல வெச்சுக்குதே, அதைக் கூட மன்னிச்சுடுவேன். பத்து செகண்ட்ல தானா சரியாயிடும். மத்தது எதுவும் தானா சரியாகாது, எதுவும் வாய் திறந்து காரணமும் சொல்லாது.

அந்த 'ஹைட்' வரியை அன்னைக்கே தூக்கிட்டேன், இனி வர்ற ஃபைலைக் குரூப்பும் படிக்கிற மாதிரி ஸ்கிரிப்ட்ல உமாஸ்க்கும் 027 ஆயிடுச்சு. ஆனா நான் கண்டுபிடிச்சு சொல்றதுக்குள்ள, பேப்பரைப் பார்த்து ஏழு ரிப்போர்ட்டை அந்தம்மா மறுபடி டைப் பண்ணி முடிச்சிருந்தாங்க. "யாரும் அழிக்கலை, எல்லாம் அங்கயேதான் இருந்துச்சு"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ எனக்கு ஏன் சார் காட்டலை?"ன்னு கேட்டாங்க.