எத்தனை டன் என்று கேட்காதீர்கள்

மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ, கரடுமுரடுப் பாதைக்கான ஜீப் ஒன்றை வாங்கிய கையோடு நம் ஆட்கள் விசாரிப்பது, வண்டியைத் தண்டில் ஏற்றித் தூக்கும் நாலடி உயர ஃபார்ம் ஜாக்கியைத்தான். "எத்தனை டன் தூக்கும்?" என்பதே முதல் கேள்வி. ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது வண்டியின் மொத்த எடையும் ஜாக்கி மேல் ஏறாது. மூன்று டன் ஜாக்கி தாராளம். வண்டியில் அதை எங்கே கொடுத்துத் தூக்கப் போகிறீர்கள்? அதை முதலில் பாருங்கள்.

இதற்கு இரும்பு பம்பர் வேண்டும், அல்லது சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடித்த ராக் ஸ்லைடர், அதாவது கதவுக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய், வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் கொடுத்தால் பம்பர்தான் கையோடு வரும். ஆனாலும் ஈசிஆரில் பாதி வண்டிகள் பிளாஸ்டிக் பம்பரும் கூரைமேல் சிவப்பு ஜாக்கியுமாகத்தான் போகின்றன. அழகுக்கு என்றால் சரி, என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

இன்னொன்று, பாடியைத் தூக்கினால் முதலில் சஸ்பென்ஷன்தான் தொங்கும். சக்கரம் தரையை விட்டு எழ இன்னும் நிறைய ஏற்ற வேண்டும். இந்த ஜாக்கிக்கு நாலடி உயரம் அதற்காகத்தான். ஜிம்னி மாதிரி முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) உள்ள வண்டியில், ஆக்சிலுக்கு அடியில் குட்டையான ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கி வைத்தால் சக்கரம் சீக்கிரமே எழும்.

அப்புறம் நம் ஊர் மணல். 1905 முதல் அமெரிக்காவில் செய்துவரும் ஹை-லிஃப்ட் என்ற ஃபார்ம் ஜாக்கியின் அடித்தட்டு ஏறக்குறைய 4க்கு 7 அங்குலம், அதாவது 28 சதுர அங்குலம். அதில் 700 கிலோ இறங்கினால் சதுர அங்குலத்துக்கு 25 கிலோ. கடலூர் பக்கம் சாமியார்பேட்டைக் கடற்கரை மணலில் வண்டி ஏறாது, ஜாக்கிதான் புதையும். அடியில் ஒரு சதுர அடிக்குக் கனமான பலகை போட்டால் அந்த அழுத்தம் 5 கிலோவுக்குள் வந்துவிடும். எந்த மரவாடியிலும் வெட்டித் தருவார்கள். ஜாக்கி வாங்குகிற பலர் இந்தப் பலகையை வாங்குவதில்லை.

ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் ஆபத்து. கைப்பிடியை நிமிர்த்தித் தண்டோடு ஒட்டிப் பிடித்த பிறகே ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாற்றும் லிவரை மாற்ற வேண்டும். கைப்பிடி கீழே இருக்கும்போது மாற்றினால் அது மேலே பாய்ந்து தாடையைப் பெயர்த்துவிடும். கைப்பிடி பாயும் நேர்க்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள். வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது அறவே கூடாது, இது ஒற்றைக் காலில் நிற்கிற பொருள், பக்கவாட்டில் சாயும். அதிலுள்ள ஷியர் போல்ட் அளவுக்கு மீறிய பாரம் வந்தால் உடைவதற்கென்றே வைத்தது. உடைந்தால் கையில் கிடைத்த போல்ட்டை மாட்டாதீர்கள்.

கடலூர்க் காற்றில் உப்பு. கூரைமேலேயே கிடந்தால் பின்களும் ஸ்பிரிங்குகளும் துருப்பிடித்து இறுகிவிடும். கிரீஸ் பூசினால் மணல் ஒட்டும்; மெல்லிய எண்ணெய் போதும், உறை போட்டு வையுங்கள்.

பாறை ஏறப் போகிறீர்கள், இரும்பு பம்பரும் இருக்கிறது என்றால் 48 அங்குல ஜாக்கி வாங்குங்கள். தாழங்குடா பக்கம் சவுக்குத் தோப்பு மணலில் சுற்றுகிறவருக்குப் பாட்டில் ஜாக்கி, பலகை, மண்வெட்டி, டயரில் மறுபடி காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும். டயர் காற்றைக் குறைத்தாலே பெரும்பாலும் வண்டி மணலை விட்டு வெளியே வந்துவிடும்.