கோர்ட்டே விட்ட பையன இவங்க ஏன் விட மாட்டேங்கறாங்க?

ஏற்காடு பையன் விஷயம் எல்லார் வாட்ஸ்அப்லயும் ஓடிட்டு இருக்கு, திரும்ப நான் சொல்ல வேண்டியதில்ல. எழுத்துத் தேர்வு பாஸ், 1500 மீட்டர 7 நிமிஷத்துக்குள்ள ஓடினான், கயிறு ஏறினான், எல்லாம் முடிஞ்சு கடைசில 19 வயசுல திருவிழாவுல நடந்த அடிதடி கேஸக் காட்டி இரண்டாம் நிலைக் காவலர் வேலை இல்லைன்னுட்டாங்க. கோர்ட் விடுதலை பண்ணின கேஸ். வேலை இல்லைங்கற அந்த ஆர்டர விட, நம்ம சேலத்துக்காரங்களே அந்தச் செய்திக்குக் கீழ போட்ட கமெண்ட்தான் எனக்கு ஆறல. "ரவுடிக்கெல்லாம் காக்கிச் சட்டையா"ன்னு ஒருத்தர், அதுக்கு அத்தனை லைக்.

விடுதலையானவன் எப்படிங்க ரவுடி?

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகள்ல 14(பி)ன்னு ஒண்ணு இருக்கு. போலீஸ் வெரிபிகேஷனுக்கு முன்னாடி எந்த கிரிமினல் கேஸ்லயும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாதுங்குது. சரி, இருக்கட்டும். ஆனா அதோட விளக்கத்தப் படிங்க. சந்தேகத்தின் பலன்ல விடுதலை ஆனாலும், புகார் குடுத்தவரே கோர்ட்ல பிறழ்சாட்சி ஆகி, அதாவது சொன்னத மாத்திச் சொல்லி, விடுதலை ஆனாலும், நீ சம்பந்தப்பட்டவன்தான்.

அடிதடி கேஸ் எப்படி முடியும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இதோட கொடுமை புரியும். 2024 ஜூலைக்கு முன்னாடி இருந்த இந்திய தண்டனைச் சட்டத்துல, லேசான அடிக்கான 323ஆம் பிரிவு மட்டும்னா கோர்ட் அனுமதி இல்லாம ஸ்டேஷன்ல விசாரிக்க முடியாது, அதனால கெட்ட வார்த்தை பேசினான்னு 294(பி)யும் சேத்துப் போட்டுடுவாங்க. அப்புறம் ரெண்டு வீட்டுப் பெரியவங்க உக்காந்து பேசி சமாதானம் ஆயிடுவாங்க. 323ஐ கோர்ட்ல ராஜி பண்ணிக்கலாம், 294(பி)ய முடியாது. அப்ப ஹைகோர்ட் வரைக்கும் போகாம முடிக்கற வழி, புகார் குடுத்தவர் கூண்டுல ஏறி "யார் அடிச்சதுன்னு தெரியல"ன்னு சொல்றது. ஊரே சேந்து நல்லபடியா முடிச்ச சண்டை, அந்தப் பையனுக்கு மட்டும் முடியவே மாட்டேங்குது.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னா என் தம்பி. ஆடிப் பண்டிகை கூட்டத்துல தள்ளுமுள்ளு, அது கைகலப்பு ஆச்சு. அதே சண்டையில இருந்த பெரிய வீட்டுப் பையனுங்க பேர் எஃப்ஐஆர்ல ஏறவே இல்ல, அவங்கப்பா ராத்திரியே ஆள் அனுப்பிட்டாரு. எங்கப்பா லோடு ஏத்திட்டு நாக்பூர் போயிருந்தாரு. அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்கப்புறம் போலீஸ் தேர்வுக்காக வீட்டுக்குப் பின்னாடி புளியமரத்துல வடம் கட்டி ஏறி ஏறி உள்ளங்கை தோல் உரிஞ்சு, அம்மா மஞ்சள் அரைச்சு வெச்சு விடுவாங்க, அந்தக் கையாலயே மறுநாளும் ஏறுவான். விசாரிக்க வந்த ஏட்டய்யா எங்க வீட்டுல டீ குடிச்சுட்டு, "பையன் நல்ல பையன்தாம்மா, ஆனா கம்ப்யூட்டர்ல கேஸ் நிக்குதே"ன்னாரு. இன்னைக்கு அவன் கொலுசுப் பட்டறையில வேலை பாக்கறான். புகார் குடுத்த பையனும் அவனும் ஒரே கபடி டீம்.

"அப்ப குற்றவாளிங்கள எல்லாம் போலீஸ்ல சேத்துக்கலாமா"ன்னு வருவீங்க. நான் அப்படியா சொன்னேன்? பொண்ணுங்க மேல கை வெச்சவன், கஞ்சா வித்தவன், கத்தி எடுத்தவன், இவங்கள வாசல்லயே நிறுத்துங்க. என்ன செஞ்சான், எந்த வயசுல செஞ்சான், அதுக்கப்புறம் எப்படி இருந்தான்னு பாருங்கன்னுதான் கேக்கறேன். ஏற்காடு பையன் "கேஸ மறைச்சுட்டான்"னு ஒருத்தர் எழுதறார். மறைக்கலைங்க, அப்ளிகேஷன்லயே எழுதியிருந்தான்.

ஒரு வக்கீல் நண்பர் 2013 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பத் தூக்கிட்டு வந்தாரு, போலீஸ்னா ஒழுக்கம் கூடுதலா வேணும்னு. ஆமா, சொல்லுச்சு. ஆனா 2011ல டெல்லி போலீஸ் கேஸ்ல அதே கோர்ட்தானே, இள வயசுல பண்றத மன்னிக்கலாம்னு சொல்லுச்சு, அதுவும் கேஸ மறைச்ச பையனுக்கு? 2016ல அவதார் சிங் தீர்ப்புலயும் சின்ன வயசு சில்லறை கேஸ கண்டுக்காம விடலாம்னு இருக்கே. அத ஏன் யாரும் தூக்கிட்டு வரல?

சிறார் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவு, 18 முடியறதுக்குள்ள செஞ்ச தப்பு பின்னாடி எந்தத் தகுதியையும் பாதிக்கக் கூடாதுங்குது, கொடூரக் குற்றம் சிலது தவிர. தண்டனை வாங்கினவனுக்கே அப்படி. 19 வயசுல நடந்த கேஸ்ல விடுதலை வாங்கினவனுக்கு ஆயுசுக்கும் கதவு சாத்தியாச்சு. ஒரே வருஷத்துல அப்படி என்ன ஞானம் வந்துடுது?

ஏற்கனவே போலீஸ் வேலைக்குள்ள போனவங்களுக்குப் பாருங்க, தப்பு பண்ணினா சார்ஜ் மெமோ, பதில் சொல்ல டைம், விசாரணை, அப்பீல். எம்எல்ஏவுக்கு நிக்கறவர் மேல எத்தன கேஸ் நிலுவையில இருந்தாலும் அஃபிடவிட்ல எழுதிட்டு நிக்கலாம், தண்டனை வந்தாத்தான் தகுதி போகும். அவங்களுக்கு தண்டனை வரணும், எங்க வீட்டுப் பையனுக்கு எஃப்ஐஆர் போதும். எந்த ஊர் நியாயம் இது?

ஏற்காட்டுத் தம்பி, நீ இதப் படிச்சா, நிராகரிச்ச ஆர்டர எழுத்துல கையில வாங்கிடு, தீர்ப்போட சான்றிட்ட நகல் எடுத்து வை, லேட் பண்ணாம ஹைகோர்ட்ல ரிட் போடு. வக்கீல் வேணும்னா இன்பாக்ஸ் வா. மத்தவங்களுக்கு ஒண்ணுதான், எம்மேல கோவம்னா என்னத் திட்டிக்கோங்க, அந்தப் பையன ரவுடின்னு எழுதினா கமெண்ட்ட அழிச்சு பிளாக் பண்ணிடுவேன், சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி.