22 அடி ஆழத்துப் பானை

மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளில் முப்பத்தோரு ஆண்டுகள் எர்த் பிட் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி) போட்டும், போட்டதை எர்த் டெஸ்டர் என்ற, மண்ணின் மின்தடையை அளக்கும் மீட்டர் வைத்து அளந்தும் சம்பளம் வாங்கியவன் நான். அதே கருவியை வைத்துக்கொண்டு, பழைய வண்ணாரப்பேட்டையில் என் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில் சென்ற மாதம் ஒருவர் செய்துவிட்டுப் போன வேலையைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நண்பரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அவருடைய பாட்டி, 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பட்டணமே காலியானபோது, இரண்டு பிள்ளைகளோடு பொன்னேரிப் பக்கம் போனவர். புறப்படுவதற்கு முந்தின இரவு நகைகளை ஒரு செப்புப் பானையில் போட்டுக் கொல்லையில் புதைத்தார் என்றும், திரும்பி வந்து பார்க்கையில் இடம் பிடிபடவில்லை என்றும் அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு குறைவு. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது ஊரை விட்டு ஓடியவர்கள் புதைத்தது என்று ராயபுரத்தில் எனக்கே இரண்டு வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். பாட்டியின் பானை உண்மையாகவே இருக்கலாம். அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை.

வந்தவர் தன்னை நிலத்தடி ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டவர். நான்கு ராடு, நான்கு சுருள் ஒயர், ஒரு மீட்டர், ஒரு டேப்லெட். கொல்லையில் ராடுகளை வரிசையாக அடித்து, அரை மணி நேரம் அளந்து, டேப்லெட்டில் நீலமும் பச்சையுமாக ஒரு படத்தை வரவழைத்து, அதன் நடுவில் சிவப்பாகத் திரண்டிருந்த ஒன்றைக் காட்டி, "22 அடியில் உலோகம் இருக்கிறது, மஞ்சள் உலோகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்" என்று சொல்லி, 80,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். தோண்டுவதற்கும் அவரே ஆள் வைத்தார். அதற்குத் தனிக் கணக்கு. இரவில்தான் தோண்ட வேண்டும் என்பதும் அவர் போட்ட நிபந்தனை.

இந்த இடத்தில் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்ணின் மின்தடையை அளக்கும் இந்த முறை பொய் முறை அன்று. நான்கு ராடுகளைச் சம இடைவெளியில் ஒரே கோட்டில் அடித்து, வெளி ராடுகள் இரண்டின் வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் விட்டு, உள்ளே இருக்கும் இரண்டு ராடுகளுக்கு இடையே எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அமெரிக்காவில் வென்னர் என்பவர் 1915 வாக்கில் இதற்கு எழுதிய கணக்கைத்தான் இன்றைக்கும் நாங்கள் போடுகிறோம்: ராடு இடைவெளியை மீட்டர் அளவில் எடுத்து, கருவி காட்டும் ஓமால் (அந்த வோல்ட்டை, விட்ட மின்சாரத்தால் வகுத்து வரும் தடை) பெருக்கி, அதை இரண்டு பை, அதாவது 2 × 3.14, கொண்டு பெருக்கினால் மண்ணின் மின்தடை எண் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் 4 ஓம் காட்டினால் ஏறத்தாழ 38 ஓம்-மீட்டர். அந்த 38 என்பது ஈரமான வண்டலாக இருக்கலாம், களி கலந்த மணலாக இருக்கலாம், உப்பேறிய மணலும் நல்ல மணலும் மாறி மாறிக் கிடப்பதாகவும் இருக்கலாம். மீட்டருக்குப் பெயர் தெரியாது. எண் மட்டுமே தெரியும்.

அந்த எண்ணும் ஒரு புள்ளியின் எண் அன்று. ராடுகளுக்குக் கீழே கிடக்கும் மொத்த மண்ணையும் கலக்கிப் பார்த்துச் சொல்லும் சராசரி அது. இதே முறையைக் கொண்டு ஆட்கின்சன் என்ற தொல்லியலாளர் 1946-இல் இங்கிலாந்தில் டார்செஸ்டர் என்ற ஊரில் மண் மூடிப்போன பழைய அகழிகளைக் கண்டுபிடித்தார் என்றால், அகழி என்பது பல அடி அகலமும் பல கெஜ நீளமும் உள்ள, மேல்மண்ணுக்குச் சற்றே கீழே தொடங்குகிற சமாசாரம். நம் பக்கத்தில் மீஞ்சூர்ச் சுற்றுவட்டாரத்தில் கடல்நீர் நிலத்துக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கும் இதுவே ஏற்ற முறை, ஏனென்றால் உப்புநீர் ஊறிய மணல் பல ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. பெரியதை இந்தக் கருவி நன்றாகவே பார்க்கும். ஒரு குடத்தைப் பார்க்குமா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை மீட்டர் விட்டமுள்ள பானை, அதாவது ஆரம் கால் மீட்டர், ஐந்து மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் மேலே உள்ள அளவில் உண்டாகும் மாற்றம், ஆரத்தை ஆழத்தால் வகுத்து வரும் எண்ணின் கனத்தை (அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வருவதை) ஒட்டித்தான் இருக்கும். இருபதில் ஒன்றின் கனம் எட்டாயிரத்தில் ஒன்று. நான் அளந்த காலத்தில், அடித்த ராடைப் பிடுங்கி அதே இடத்தில் மறுபடி அடித்தாலே நூற்றுக்கு இரண்டு மூன்று மாறும். டேப்பை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தால் மாறும். மதிய வெயிலுக்கும் மறுநாள் காலை மழைக்கும் இடையே பாதியாகவே குறைந்ததும் உண்டு. நூற்றில் இரண்டு தடுமாறுகிற அளவுக்குள் எட்டாயிரத்தில் ஒன்றைத் தேடுவது, பெரியபாளையம் ஆடித் திருவிழா மேளத்துக்கு நடுவில் கொசு பாடுவதைக் கேட்கிற கதை.

இதில் தங்கம், செம்பு, துருப்பிடித்த இரும்பு என்ற பேதமும் கிடையாது. மண்ணோடு ஒப்பிட்டால் எல்லா உலோகமும் மின்சாரத்தைத் தடையின்றி விடும் என்பதால், எது கிடந்தாலும் மேலே தெரிவது ஒரே மாதிரிதான். பானை மண்பானையாக இருந்து உள்ளே காற்றும் நகையும் இருந்தால் இன்னும் வேடிக்கை: மின்சாரம் பானையைச் சுற்றிக்கொண்டு போய்விடும், மீட்டர் உலோகத்துக்கு நேர்மாறாகக் காட்டும். "மஞ்சள் உலோகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்" என்று அந்த மனிதர் எதை வைத்துச் சொன்னார் என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்து இடம். இந்த முறையில் எவ்வளவு ஆழம் பார்க்கிறோம் என்பது ராடுகளை எவ்வளவு பரப்பி அடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மேலோட்டமாகச் சொன்னால், ராடு இடைவெளியில் பாதி அளவு ஆழம் வரைதான் மண் அந்த எண்ணுக்குள் நன்றாகக் கலக்கும். தாராளமாகக் கொடுத்தால் இடைவெளி அளவு. 22 அடியைப் பார்க்க வேண்டும் என்றால் முதல் ராடிலிருந்து கடைசி ராடு வரைக்கும் குறைந்தது 66 அடி, மனசாட்சியோடு செய்தால் அதைப்போல் இரண்டு பங்கு, நேராகக் காலியிடம் வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் யாரிடம் இருக்கிறது 130 அடிக் கொல்லை? நண்பரின் கொல்லை 18 அடிக்கு 14 அடி. நான் போய்ப் பார்த்தபோது ராடு அடித்த ஓட்டைகள் சிமெண்ட் தரையில் அப்படியே இருந்தன. டேப் வைத்தேன். முதல் ஓட்டைக்கும் நான்காம் ஓட்டைக்கும் 15 அடி. இடைவெளி ஐந்து அடி. ஐந்து அடி இடைவெளியில் இரண்டரை அடி, மிஞ்சிப்போனால் ஐந்து அடி ஆழத்து மண்ணைத்தான் அவர் பார்த்திருக்க முடியும். 22 அடி என்பது மண்ணிலிருந்து வந்த எண் அன்று; மென்பொருளுக்கு ஏதோ ஓர் ஆழம் கொடுத்தாக வேண்டும், அது கொடுத்துவிட்டது. மேலே கிடக்கிற ஒரு சிறிய பொருளும், கீழே கிடக்கிற ஒரு பெரிய பொருளும் ஒரே அளவைத் தரக்கூடும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

இதையெல்லாம் விடுங்கள். பாட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரே இரவில், இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் ஒரு பெண்பிள்ளை கடப்பாரையால் எவ்வளவு ஆழம் தோண்டியிருப்பார்? முழங்கால் அளவு, பயம் அதிகமாக இருந்திருந்தால் இடுப்பளவு. எங்கள் பக்கத்து மண் கடற்கரை மணலும் வண்டலும் கலந்தது. ஒன்பது பத்து அடியில் தண்ணீர் வந்துவிடும், அதற்குக் கீழே உறை இறக்காமல் தோண்டினால் பக்கமெல்லாம் சரிந்து வந்து குழியை மூடும். 22 அடிக்கு ஒரு குழி வேண்டும் என்றால் உறை இறக்குகிற ஆட்கள் நான்கைந்து பேர், நாலு நாள் வேலை, தெருவே வேடிக்கை பார்க்கும். ஆழமாகப் புதைந்த புதையல் என்பதே பெரும்பாலும் கதை சொல்கிறவர்கள் தோண்டிய குழி. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் 505 தங்கக் காசுகள் இருந்த கலயம் கிடைத்தது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுக்கும்போது ஐம்பொன் திருமேனிகளும், நூற்றுக்கணக்கில் தேவாரம் பொறித்த செப்பேடுகளும் வெளிவந்தன. இரண்டையும் கண்டெடுத்தது வேறு வேலைக்காக மண்ணைத் தொட்ட ஆட்கள்தான். டேப்லெட்டில் சிவப்பு தெரிந்து யாரும் தோண்டவில்லை. பாட்டியின் பானையைத் தேடித்தான் ஆக வேண்டும் என்றால், இடுப்பளவு ஆழத்துக்குப் பெரிய வளையம் வைத்த மெட்டல் டிடெக்டர் கொஞ்சமாவது பொருத்தமான கருவி. அதற்கும் முதலில் சிமெண்ட் தரைக்குள் போட்டிருக்கும் இரும்புக் கம்பியை எடுத்தாக வேண்டும்.

சரி, தோண்டினார்களே, என்ன கிடைத்தது? மூன்று அடியில் கரி கிடைத்தது. மண்வெட்டி மண்வெட்டியாக, கை வைத்தால் ஒட்டிக்கொள்கிற ஈரமான அடுப்புக்கரி. நடுவில் ஒரு ஜிஐ பைப் செங்குத்தாக இறங்கியது. அதைப் பழைய அடிபம்பின் பைப் என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறார்கள். ஒன்பது அடியில் தண்ணீர் வந்தது, மணல் சரிந்தது, குளியலறைச் சுவர் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிந்தது. கரியைப் பார்த்ததும் ஆய்வாளர் சொன்ன விளக்கம்தான் என்னை இந்தப் பதிவுக்கு இழுத்து வந்தது. பிராப்தம் இல்லாதவர்கள் தோண்டினால் பூதம் தங்கத்தைக் கரியாக்கிவிடும், நம் பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை, 40,000 ரூபாயில் ஒரு சாந்தி பூஜை செய்தால் கரி மறுபடியும் பழைய நிலைக்கு வரும் என்றாராம். காலையில் டேப்லெட், இரவில் பூதம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை நாம் கேட்டதுதான். பூதத்துக்கும் ரசீது போடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தப் பணம் கைமாறுவதற்கு முந்தின நாள்தான் நண்பர் எனக்குப் போன் செய்தார். "அண்ணா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ, மனசு சரியில்ல" என்றார். போய்க் குழிக்குள் எட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பைப்பில் வரிசையாகத் துளைகள். மேல்முனையில் கிளாம்ப் போட்ட தடம், பச்சை பூத்த ஒரு செப்புப் பட்டைத் துண்டு. சுற்றிலும் கரி. என் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் நான் போட்டுவிட்டு வந்த அதே குழி: இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி, மண்ணின் தடையைக் குறைப்பதற்கென்றே செய்யப்படும் எர்த் பிட். நண்பரின் அப்பா எண்பதுகளில் அந்தக் கொல்லையை ஒரு லேத் பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பட்டறைக்காரர் த்ரீ பேஸ் இழுத்து எர்த் போட்டிருக்கிறார், பட்டறை போனதும் அதன் மேலேயே தரை போட்டுவிட்டார்கள். தடை குறைவாக இருப்பதற்கென்றே மனிதன் செய்து வைத்த இடத்தில் மீட்டர் தடை குறைவு என்று காட்டியது. மீட்டர் பொய் சொல்லவே இல்லை.

என் வருத்தம் இதில்தான் இருக்கிறது. ஏன்டெனா குச்சியைப் பிடித்துக்கொண்டு நூறு அடி தள்ளி நின்றே தங்கம் தேடுகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிதாகக் கோபம் கிடையாது. அது கருவியே இல்லை என்று கொஞ்சம் நிதானித்தால் யாருக்கும் புரியும். அந்த மாதிரிக் குச்சியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று நாடு நாடாக விற்ற ஆங்கிலேயர் ஒருவருக்கு 2013-இல் லண்டனில் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. மந்திரவாதியையும் நாம் மந்திரவாதி என்று தெரிந்தே கூப்பிடுகிறோம். நண்பர் ஏமாந்தது மந்திரத்தில் இல்லை. உண்மையான மீட்டரில், உண்மையான எண்ணில். டிப்ளமோ படித்து, ராடு இடைவெளி என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதித் தேறிய ஒருவர்தான் 15 அடியில் நின்றுகொண்டு 22 அடியைப் பார்த்தேன் என்கிறார். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று மீட்டரை வாடகைக்கு விடுகிறவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், எதற்குப் போகிறது என்று தெரிந்துதான் விடுகிறார்கள். என்னிடமே இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருவர், பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டையின் மேட்டுக்கு ராத்திரியில் மீட்டரோடு வர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொன்னதற்கு, பங்கு போதவில்லையா என்றார்.

இரவில்தான் தோண்ட வேண்டும் என்ற நிபந்தனைக்குப் பூதம் காரணம் இல்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது, மறைத்தால் தண்டனையும் உண்டு. சொந்த வீடு, சொந்தப் பாட்டி என்றாலும் முதலில் தெரிவித்தாக வேண்டும், உரிமையைப் பிறகு விசாரிப்பார்கள். ஆய்வாளருக்கு இது நன்றாகவே தெரியும். பகலில் தோண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், போலீஸ் கேட்கும், முக்கியமாக என்னைப் போல டேப் வைத்திருக்கும் ஒருவன் எட்டிப் பார்ப்பான்.

நண்பர் புகார் கொடுக்க விரும்பவில்லை. ஊர் சிரிக்கும் என்கிறார். அவர் மனைவி நான்கு நாள் பேசவில்லை என்பது தனிக் கதை. போன 80,000 வராது. குழியை மூடிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, கொத்தனாரை வைத்துச் சுவருக்கு முட்டுக் கொடுத்து, சரிந்த மணலை அள்ளிவிட்டு, அதே குழியில் புது ஜிஐ பைப் இறக்கி, நானே நின்று கரியும் உப்பும் கொட்டினேன். பழைய கரியிலேயே பாதி தேறியது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அளந்தபோது 2 ஓமுக்கும் கீழே வந்தது, மணலிப் பக்கத்து ஆலைகளில்கூட எனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை. வீட்டு எர்த்தை அதில் சேர்த்துவிட்டோம். பல வருடமாக அந்த வீட்டில் மிக்ஸியைத் தொட்டால் கை சுரீர் என்று இழுக்குமாம், இப்போது இல்லை என்று அவர் மனைவி சொன்னார்.