அது சும்மா கிடக்கவில்லை

நேற்று ராத்திரி நடந்த கூத்தை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு முதலிலிருந்து சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. எங்கள் ஏரியை அழகுபடுத்தியதைக் காட்டி குழுவில் போட்ட அந்த ‘முன்பு – பின்பு’ படம், அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல், நடுவில் ‘நாணல் எங்கே?’ என்று நான் கேட்ட ஒரே ஒரு கேள்வி, அதற்கு வந்து விழுந்த பதில்கள். கடைசியில் ‘சேத்து அக்கா’ என்று ஒரு பட்டம் வேறு.

சரி, சேத்து அக்காவே பேசுகிறேன்.

என்னைச் சுட்டது அந்தப் பட்டம் இல்லை. படத்துக்கு மேலே எழுதியிருந்த வரி. “இத்தனை வருஷம் சும்மா கிடந்த இடம்.” நாணலையும் கோரையையும் வேரோடு வழித்தெடுத்தாயிற்று. சரிவாக இருந்த கரையைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போட்டு, நடுவில் நீரூற்றும் வைத்தாயிற்று. இப்போதுதான் அந்த ஏரி ‘பயன்பாட்டுக்கு’ வந்திருக்கிறதாம். அதுவரை சும்மா கிடந்ததாம்!

போன வருஷம் ஒரு காரியம் செய்தேன். சாக்கடை வந்து விழும் மூலையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். நாணல் காட்டைச் சுற்றிக்கொண்டு போய், அது முடிகிற இடத்தில் இன்னொரு பாட்டில். இரண்டையும் ஜன்னலில் வைத்தேன். முதல் பாட்டிலில் விரல் அகலத்துக்குக் கறுப்பு வண்டல் இறங்கியது. மேலே நின்ற தண்ணீரோ மூன்றாம் நாளும் கலங்கல்தான். மூடியைத் திறந்தால் குடலைப் புரட்டும். இரண்டாவதில் அடியில் லேசாக ஒரு பழுப்புப் படலம், அவ்வளவுதான். அதன் வழியாக எதிர்வீட்டு ஜன்னல் கம்பி தெரிந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாணலுக்குள் நுழைந்ததும் தண்ணீர் வேகம் குறைகிறது, மண் கீழே படிகிறது. தண்டுகளில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன. காற்றே புகாத அந்தக் கறுப்புச் சேறு இருக்கிறதே, நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வது, அங்கே இருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வானத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மின்சாரம் கிடையாது, சம்பளம் கிடையாது. உகாண்டாவின் கம்பாலா நகரத்துக் கழிவுநீரை நகிவுபோ என்ற சதுப்பு நிலம் பல்லாண்டுகளாக இப்படித்தான் வடிகட்டி விக்டோரியா ஏரிக்கு அனுப்பி வந்திருக்கிறது. இதற்குப் பெயர் சும்மா கிடப்பதா?

ஒரு சார் எழுதியிருந்தார்: “வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிறது, இதையெல்லாம் ஈரநிலம் என்று சொல்லலாமா?” சொல்லலாம் சார். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானில் ராம்சர் என்ற ஊரில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அதில் ஈரநிலம் என்றால் என்ன என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இயற்கையானதோ மனிதர் வெட்டியதோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நன்னீரோ உப்புநீரோ, எல்லாம் ஈரநிலம்தான். கடலில்கூட, நீர் வற்றும் நேரத்தில் 6 மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத பகுதி ஈரநிலக் கணக்கில் வரும். காய்ந்து கிடக்கும் மாதங்களில்தான் அது அடுத்த மழைக்கு இடம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. காலிப் பாத்திரத்தைப் பார்த்து உபயோகமில்லாதது என்று தூக்கிப் போடுவீர்களா?

பாஸ்டன் பக்கத்தில் சார்லஸ் என்று ஓர் ஆறு. வெள்ளத்தைத் தடுக்க என்ன செய்யலாம் என்று அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். அணை, சுவர் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆற்றின் மேல்பகுதியில் 8,000 ஏக்கருக்கும் மேல் சதுப்பு நிலத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்து, அப்படியே விட்டுவிட்டார்கள். 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் நடந்த வேலை இது. கான்கிரீட் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் போட்ட கணக்கு அது. சேத்து அக்கா போட்டது இல்லை.

அடுத்து, கொசு. இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான பயம், கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம் உங்கள் மாடியில் இருக்கிறது: தொட்டிச் செடிக்கு அடியில் வைக்கும் தட்டு, பழைய டயர், மூடாத தண்ணீர்த் தொட்டி. உயிரோடு இருக்கும் ஈரநிலத்தில் கொசுப்புழுவைத் தின்ன மீன் இருக்கிறது, தட்டான் குஞ்சு இருக்கிறது, நீர்ப்பூச்சிகள் இருக்கின்றன. சாக்கடையை விட்டுச் சாகடித்த குட்டையில்தான் கொசு கொண்டாட்டம் போடும். சாகடித்தது யார் என்று நான் கேட்டால் கோபம் வருகிறது.

ஒரு தம்பி ரொம்ப விவரமாக, “சதுப்பு நிலம் மீத்தேன் வெளியிடுகிறது, தெரியுமா?” என்று கேட்டிருந்தார். தெரியும் தம்பி, பூமியைச் சூடாக்கும் வாயு அது. கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். செத்த செடிகொடிகள் முழுதாக மக்காமல் தண்ணீரில் ஊறிப் படிந்து கிடக்கும் கரிச்சதுப்பு நிலம், உலகின் நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரம் மட்டையெல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் (கார்பன்) அதற்குள் இருக்கிறது. அதை வடித்துக் காயவைத்தால் என்ன ஆகும் என்று இந்தோனேசியா காட்டியது. நெல் விளைவிக்கப் போகிறோம் என்று 1990களில் போர்னியோ பக்கம் சுமார் 10 லட்சம் ஹெக்டேரில் கால்வாய் வெட்டினார்கள். நெல் வரவில்லை, 1997இல் தீ வந்தது. அந்தப் புகையும் சேர்ந்துதான் அண்டை நாடுகளை மூடியது. நல்ல வேளை, அதுவும் சும்மா கிடந்த இடம்தான் போலிருக்கிறது.

கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் கொக்கு எங்கே நிற்கும்? அதன் காலின் உயரத்துக்குத் தண்ணீர் வேண்டாமா? உள்ளே விழுந்த தவளை எதைப் பிடித்து ஏறும்? எனக்குத் தெரியாது, அந்த நீரூற்றைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு வருஷம் முன்னால் அதே இடத்தில் ஓர் இலைக்கோழியைப் பார்த்தேன். மிதக்கும் இலைமேல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஆறு கால்! கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன், ஆறேதான். அப்புறம் பார்த்தால் இறக்கைக்கு அடியில் இரண்டு குஞ்சுகளை இடுக்கி வைத்திருக்கிறது, அவற்றின் குச்சிக் கால்கள் வெளியே தொங்குகின்றன. அது அப்பா. இந்தப் பறவையில் அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான். அன்றைக்கு இந்தப் படத்தை நான் போட்டபோது முதலில் இதயக்குறி போட்ட நண்பர்தான் நேற்று ‘சேத்து அக்கா’வை ஆரம்பித்து வைத்தவர். பெயர் சொல்லப் போவதில்லை. அவருக்கே தெரியும்.

“நீ குடியிருக்கும் வீடு மட்டும் எதன்மேல் நிற்கிறது?” என்று அவர்தான் கேட்டார். நிற்கலாம். வாங்கும்போது பழைய நில அளவை வரைபடத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை, பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அவசரம். பெரிய மழைக்குக் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கே வருகிறது. அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? தப்பு செய்தவன் பேசக்கூடாது என்றால் ஊரில் ஒருவரும் பேச முடியாது.

“ஒரு ஆள் என்ன செய்துவிட முடியும்?” என்றும் கேட்டார்கள். இராக்கின் தெற்கே இருந்த பெரும் சதுப்பு நிலங்களை 1990களில் சதாம் அரசு கரைகட்டி வற்ற வைத்தது. 2003இல் ஆட்சி விழுந்ததும் அங்கிருந்த ஜனங்களே போய்க் கரையை உடைத்துத் தண்ணீரை விட்டார்கள். 2016இல் அது உலகப் பாரம்பரியக் களம். நான் உங்களைக் கரை உடைக்கச் சொல்லவில்லை. ஜனவரியில் ஒரு நாள் காலை எழுந்து வந்து பறவை எண்ணுங்கள். 1987 முதல் வருஷா வருஷம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்துத்தான். 20,000 நீர்ப்பறவைகள் தவறாமல் வந்து தங்கும் இடம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலுக்குத் தகுதி பெறும் என்பது விதி. யாரோ ஒருவர் நோட்டில் எழுதிய எண்தான் அங்கே சாட்சி. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து நகல் வாங்குங்கள். வளர்க்கச் சலித்துப்போன தொட்டி மீனை ஏரியில் விட்டுப் புண்ணியம் தேடாதீர்கள். முக்கியமாக, அடுத்த முறை யாராவது ‘அழகுபடுத்துகிறோம்’ என்று வரைபடத்தை நீட்டினால், கைதட்டும் முன் நாணல் எங்கே என்று கேளுங்கள். நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்தக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், காலையில்தான் பார்த்தேன். சந்தோஷம்.

இரண்டு பாட்டில்களும் இன்னும் ஜன்னலில்தான் இருக்கின்றன. இன்றைக்குத் தண்ணீரை மாற்றலாம் என்று போனேன். முதல் பாட்டிலை நிரப்ப முடிந்தது. இரண்டாவதை எங்கே நிரப்புவது என்று தெரியவில்லை, பழைய தண்ணீரையே வைத்திருக்கிறேன்.