ஒரு காலின் பலவீனத்துக்கு எம் 62.81 பொருந்துமா?

கையோ காலோ பலவீனமாக இருந்தால் எம் 62.81 என்ற நோய்க் குறியீட்டைப் பதிந்தால் போதும், காரணம் தேவையில்லை என மருத்துவக் குறியீட்டாளர்களிடையே சுற்றிவரும் குறிப்பு தவறானது. அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள ஐசிடி-10-சிஎம் என்னும் நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் அந்தக் குறியீடு உடலெங்கும் பரவிய தசைப் பலவீனத்துக்கே உரியது; காரணம் தெரியாமல் ஒரு காலில் மட்டும் காணப்படும் பலவீனம் பொதுவாக ஆர் 29.898-இல் (தசை, எலும்பு சார்ந்த பிற அறிகுறிகள்) சேரும். ஒருபக்கப் பலவீனம் பக்கவாதத்தால் வந்தது என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தால், அதை ஒருபக்கச் செயலிழப்பாகவே கொள்ள வேண்டும். பழைய மூளை இரத்த அடைப்பின் பின்விளைவு எனில் ஐ 69.35 வரிசை பொருந்தும். நோயாளி எந்தக் கைப் பழக்கமுள்ளவர் என்பது பதிவாகாதபோது, வலப்பக்கப் பாதிப்பை ஆதிக்கப் பக்கமாகவும் (பழக்கமுள்ள கையின் பக்கம்) இடப்பக்கப் பாதிப்பை ஆதிக்கமற்ற பக்கமாகவும் கொள்வது விதி. ஆனால் “வலது கால் பலவீனம்” என்ற சில சொற்களை மட்டும் கொண்டு (இப்படித்தான் மருத்துவர்களின் பல குறிப்புகள் வருகின்றன) குறியீட்டாளர் பக்கவாதத்தை ஊகிக்கக் கூடாது. மருத்துவரிடமே விளக்கம் கேட்க வேண்டும்.