அந்தப் பெட்டியைக் கழற்ற விடாதீர்கள்

சித்தப்பா வீட்டில் திருடு போய் இரண்டு மாதம் ஆகிறது. பேத்தி காதுகுத்துக்காக நான்கு நாள் திருச்சி போயிருந்தார்கள். பின்கட்டுக் கதவை நெம்பி, பீரோவை உடைத்து, 14 பவுன் போய்விட்டது. வீட்டில் அலாரம் இருந்தது. 38,000 ரூபாய்க்கு மாட்டியது, வருடம் தவறாமல் ஏ.எம்.சி.யும் (வருடப் பராமரிப்புக் கட்டணம்) கட்டி வந்தார். அது மூச்சுகூட விடவில்லை.

திருடன் பெரிய வித்தையெல்லாம் காட்டவில்லை, வாசல் பக்கம் இருந்த மெயினை இறக்கிவிட்டான், அவ்வளவுதான். கரண்ட் போனால் அலாரம் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி தாங்க வேண்டும், சிம் வழியாக நமக்கும் கம்பெனிக்கும் தகவல் போக வேண்டும். பேட்டரி செத்துக் கிடந்திருக்கிறது.

கம்பெனிக்கு போன் போட்ட மறுநாளே ஒரு பையன் வந்து நின்றான். பரவாயில்லையே என்று காபி கொடுத்து உட்கார வைத்தோம். அவன் வந்தது பழைய பேட்டரியைக் கழற்றி, புதுசு போட்டு, பெட்டியை ரீசெட் செய்து, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போக. கிளம்பும்போது, "மூணு மாசமா லோ பேட்டரி சிக்னல் வந்துட்டே இருந்துச்சே சார், ஆபீஸ்ல யாரும் சொல்லலையா?" என்று கேட்டான் பாருங்கள். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

அப்புறம் கடிதம் வந்தது. எந்த இழப்பானாலும் அவர்கள் பொறுப்பு ஒரு வருட ஏ.எம்.சி. தொகையோடு சரியாம். கூடவே புது மாடல் பாதி விலைக்குத் தருகிறார்களாம்!

அலாரம் விற்பவன் இன்சூரன்ஸ்காரன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அலாரம் அலறியும் திருடன் அள்ளிக்கொண்டு போயிருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அது வேலை செய்ததா இல்லையா என்ற பதில் பெட்டியின் லாக்கிலும் (எப்போது என்ன நடந்தது என்று அதுவே குறித்து வைக்கும் பதிவு) அவர்கள் சர்வரிலும் மட்டும்தான் இருக்கிறது. குற்றம் சாட்டப்படுபவரிடமே மொத்தச் சாட்சியும் இருந்தால் கேட்டு வாங்குவது எப்படி? திருட்டு என்று போன் வந்த நிமிடமே அந்தப் பதிவை அப்படியே பத்திரப்படுத்தி, ஒரு பிரதியை வீட்டுக்காரருக்கும் இன்னொன்றைப் போலீசுக்கும் கொடுக்க வேண்டும், அதுவரை எவரும் ஸ்குரூடிரைவரோடு பெட்டிப் பக்கம் போகக் கூடாது. சர்வீஸ் பார்த்த ஆட்களையே விசாரிக்க அனுப்புவதும் கூடாது.

பேங்க் லாக்கரிலும் ஒரு காலத்தில் 'உள்ளே என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது' என்று கை கழுவினார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு ரிசர்வ் வங்கி விதி போட்டது, 2022 ஜனவரி முதல் வங்கியின் கவனக்குறைவால் திருட்டு நடந்தால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வங்கி தர வேண்டும். அலாரத்துக்கும் அப்படி ஒரு கணக்கு வைத்தால் என்ன? பேட்டரி எச்சரிக்கையை மூன்று மாதம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்கு ஒரு விலை வேண்டாமா?

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, நாம் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. மனு எழுதி முடித்தாயிற்று. அந்தப் பையன் சொன்னதை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவன் பெயரைப் போடவே கூடாது, பாவம் வேலை போய்விடும் என்று சித்தி ஒற்றைக்காலில் நிற்கிறார்.