ஏழோடு நிறுத்தியிருக்கலாம்

கால் பிசகி மூன்று வாரம் வீட்டிலேயே கிடந்ததில் செய்யக்கூடாத ஒரு காரியம் செய்துவிட்டேன். அமெரிக்க எழுத்தாளர் சார்லேன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் நாவல்கள் 13-ஐயும் முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். முன்பு வருஷத்துக்கு ஒன்று என்று வந்தபோதே படித்தவள்தான். அப்போது நடுவில் ஒரு வருஷம் இருந்ததால் சரிவு தெரியவில்லை. இல்லை, பொய் சொல்கிறேன், தெரிந்தது, அடுத்ததில் சரியாகிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரே மூச்சில் படிக்கும்போது அந்தச் சமாளிப்புக்கெல்லாம் இடமே இல்லை. பழைய ஓட்டு வீடு மாதிரி, எந்த ஓடு எப்போது நகர்ந்து எங்கே ஒழுக ஆரம்பித்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொலைகாரன் யார், யாருக்கு யாரோடு கல்யாணம், எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். கடைசிப் புத்தகம் வந்தது 2013-ல். இன்னும் எத்தனை காலம்தான் நான் ரகசியம் காப்பது?

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்தின் வடக்கே போன் டாம் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே மெர்லாட்ஸ் என்ற பாரில் சூக்கிக்கு சர்வர் வேலை. அவளுக்கு ஒரு சாபம், அடுத்தவர் மனசில் ஓடுவதெல்லாம் காதில் விழும். பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை, ஊரில் பாதிப் பேர் அவளைக் கிறுக்கு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். காதலிக்கலாம் என்றால் எதிரே உட்கார்ந்து இனிக்க இனிக்கப் பேசுகிற பையன் உள்ளுக்குள் அவள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதும் சேர்த்தே கேட்கும். யாரோடு பழகுவது? இந்த நேரத்தில் ஜப்பான்காரர்கள் செயற்கை ரத்தம் தயாரித்துவிட, உலகத்தில் உள்ள வாம்பயர்கள், அதாவது ரத்தம் குடிக்கும் காட்டேரிகள், எல்லாம் "நாங்களும் இருக்கிறோம்" என்று வெளியே வந்துவிடுகிறார்கள். ஒருநாள் ராத்திரி பில் காம்ப்டன் என்ற வாம்பயர் மெர்லாட்ஸ் பாருக்குள் வந்து உட்காருகிறான். அவன் மனசிலிருந்து சூக்கிக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து சந்தைக்கடை நடுவிலேயே வாழ்ந்தவளுக்கு யாரோ கதவைச் சாத்திக் கொடுத்த மாதிரி.

எனக்கு இந்தத் தொடர் பிடித்ததே இந்த ஒரு இடத்தால்தான். வாம்பயர் அழகன், ராத்திரி, ரத்தம் இதெல்லாம் ஊரில் கிடைக்கும் சரக்கு. ஒரு பெண் ஒருவனை விரும்புவதற்குக் காரணம் அவனோடு இருக்கும்போது அமைதியாக இருக்கிறது என்பதுதான், இதை நான் வேறெங்கும் படித்ததில்லை. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். கதையின் காதலும் அந்தக் காதிலிருந்துதான் வருகிறது, மர்மமும் அங்கிருந்துதான். கேட்பதால் துப்பு கிடைக்கிறது, கேட்காததால் காதல் வருகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்களே, 2001-ல் 'டெட் அன்டில் டார்க்' வந்தபோது ஹாரிஸ் அடித்தது அதுதான்.

முதல் புத்தகத்தின் கொலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வாம்பயர்களோடு பழகிய பெண்கள் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறார்கள். சூக்கியின் அண்ணன் ஜேசன் மேல் சந்தேகம். நடுவில் அவளை வளர்த்த பாட்டியே வீட்டுச் சமையலறையில் கொல்லப்படுகிறாள். கொலைகாரன் வந்தது பேத்தியைத் தேடி, கையில் கிடைத்தது பாட்டி. அந்தப் பாட்டியை நாம் எப்படி மறக்கிறது? பேத்தி வாம்பயரோடு பழகுகிறாள் என்று தெரிந்ததும், அவன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நேரிலேயே சண்டை போட்டவன் என்பதால், எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்து ஒரு உரை ஆற்ற முடியுமா என்று கேட்டவள் அவள். கடைசியில் கொலைகாரன் யார் என்றால் ரெனே. தினம் பாருக்கு வருகிறவன், அண்ணனின் கூட்டாளி, கூட வேலை பார்க்கிற ஆர்லீனின் முன்னாள் புருஷன். சூக்கி அவனுக்குப் பரிமாறிக்கொண்டேதான் இருந்தாள். காதைத் திறந்து வைத்திருந்தால் எப்போதோ பிடித்திருக்கலாம். ஆனால் தெரிந்தவர்கள் மனசை ஒட்டுக் கேட்பது மரியாதை இல்லை என்று அவளே வேலி போட்டுக்கொண்டு வாழ்கிறவள். நாகரிகமாக நடந்துகொண்டதற்கு அவள் கொடுத்த விலை பாட்டி. துப்பறியும் கதையில் இதைவிட அழகாக ஒரு முடிச்சு போட முடியுமா?

இரண்டு, மூன்று எல்லாம் ஓடிவிடும். 2004-ல் வந்த நாலாவதில் நின்று பேச வேண்டும். புத்தாண்டு ராத்திரி வேலை முடிந்து காரில் வருகிற சூக்கி, ரோட்டில் ஒருவன் சட்டையில்லாமல், குளிரில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறாள். எரிக் நார்த்மேன். ஆயிரம் வயசு தாண்டிய வைக்கிங் வாம்பயர், ஷ்ரீவ்போர்ட்டில் பார் நடத்துகிற தலைக்கனம் பிடித்த ஆள். சூனியக்காரி ஒருத்தியின் மந்திரத்தில் தான் யார் என்பதே மறந்துபோய் ஓடுகிறான். திமிர் கழன்றுபோன எரிக் அவள் வீட்டில் ஒளிந்திருக்கும் அந்தக் கொஞ்ச நாள்தான் இந்தத் தொடரின் காதல் பகுதியில் உச்சம். அப்புறம் டெபி பெல்ட் என்பவள் துப்பாக்கியோடு சமையலறைக்கு வர, சூக்கி அவளைச் சுட்டுவிடுகிறாள். எரிக் பிணத்தையும் காரையும் அப்புறப்படுத்துகிறான், இவள் தரையைத் தேய்த்துக் கழுவுகிறாள். அப்புறம் அவனுக்குப் பழைய நினைவு திரும்புகிறது, இந்த நாட்கள் மட்டும் அழிந்துபோகின்றன. யோசித்துப் பாருங்கள், அவள் வாழ்க்கையின் சந்தோஷமான வாரத்துக்கும் சாட்சி அவன், அவள் செய்த கொலைக்கும் சாட்சி அவன், இரண்டுமே அவனுக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்குப் படித்துவிட்டு இந்த அம்மா எங்கேயோ போகப்போகிறார் என்று நினைத்தேன்.

எங்கே போனார் என்பதுதான் இந்தப் பதிவே.

ஆறாவதில் ஒரு பெரிய அடி. பில் தற்செயலாக ஊருக்கு வரவில்லை, சூக்கியின் சக்தியைக் கேள்விப்பட்டு லூயிசியானாவின் வாம்பயர் ராணிதான் அவளை மயக்கச் சொல்லி அனுப்பினாள் என்று தெரியவருகிறது. இதுவரைக்கும் எனக்குக் கோபம் இல்லை. வலித்தது, ஆனால் நியாயமான வலி. அவன் மனசு கேட்காததால்தானே நம்பினாள், அந்த மௌனமே ஏமாற்றவும் வசதியாகிவிட்டது. கதை தன் பேச்சைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஏழாவதும் பிரமாதம். கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் நாசமாகி ராணிக்கு வருமானமும் செல்வாக்கும் போய்விட்டது. வாம்பயர் மாநாடு நடக்கிற ஹோட்டலுக்குக் குண்டு வைக்கிறார்கள். கட்டடம் இடிந்து விழுந்த பிறகு, சூக்கியும் அவளைப் போலவே மனசு கேட்கிற பாரி என்ற பையனும் கையைக் கோத்துக்கொண்டு இடிபாடுகள் மேல் நடக்கிறார்கள். கீழே எங்கே இன்னும் ஒரு மனசு ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, இங்கே தோண்டு, அங்கே தோண்டு என்று மீட்பு ஆட்களுக்குக் காட்டுகிறார்கள். பிறந்ததிலிருந்து சாபம் என்று நினைத்தது அன்றைக்கு உயிர் காக்கிறது. நான் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இங்கே முடித்திருக்கலாம் அம்மணி. எல்லாமே கைக்குள் வந்திருந்தது.

2008-ல் எட்டாவது வந்தது. அதே வருஷம்தான் இந்தக் கதைகளை வைத்து எச்பிஓ சேனலில் 'ட்ரூ பிளட்' என்ற டிவி தொடர் தொடங்கியது. டிவியால்தான் கெட்டது என்று நான் சொல்லவில்லை, ஆனால் விற்கிற குதிரையை யாரும் லாயத்தில் கட்டி வைக்க மாட்டார்கள். எட்டிலிருந்து நடப்பதைப் பாருங்கள். நெவாடாவின் வாம்பயர் ராஜா வந்து லூயிசியானாவைப் பிடித்துக்கொள்கிறார். சூக்கிக்குத் திடீரென்று ஒரு கொள்ளுத்தாத்தா முளைக்கிறார், அவர் ஃபேரிகள் என்ற தேவதை இனத்தின் இளவரசர். நம் பாட்டி, அந்தச் சங்கக் கூட்டத்துப் பாட்டி, தாத்தாவுக்கு அம்மைக்கட்டு வந்து குழந்தை பிறக்காது என்றானதால் அரை ஃபேரி ஒருவனோடு பழகிப் பிள்ளை பெற்றாளாம். செத்துப்போன பாட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை.

இதில் கெட்டது பாட்டியின் மானம் இல்லை. ஃபேரி ரத்தம் என்றால் வாம்பயர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும் என்பது இந்தக் கதையின் விதி. அப்படியென்றால் இத்தனை வாம்பயர்கள் சூக்கியைச் சுற்றி வந்தது எதற்கு? பில்லை ராணி அனுப்பினாள், மற்றவர்களை மூக்கு இழுத்தது. எரிக்கோ அவளோடு ரத்தம் மாற்றிக்கொண்டதில் ஒரு கட்டு உண்டாகி, எனக்கு வருகிற ஆசை என்னுடையதா இந்த ரத்தத்துடையதா என்று அவளே புலம்புகிறாள். ஒன்பதாவதில் அவன் ஒரு சடங்குக் கத்தியைத் துணியில் சுற்றி அனுப்பி, விவரம் சொல்லாமலே மற்றவர் முன்னால் அவள் கையால் வாங்கிக்கொள்ள, வாம்பயர் முறைப்படி கல்யாணமே முடிந்துவிடுகிறது. சரி, இதில் காதல் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு புத்தகமாக ஒவ்வொரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, அந்தப் பொண்ணை அவளுக்காகவே ஒருத்தன் விரும்பினான் என்று சொல்ல ஆளில்லாமல் செய்துவிட்டார்கள். அவளுடைய காதுக்கும் விளக்கம் வந்துவிட்டது. பேய் ரத்தம் ஓடுகிற வக்கீல் ஒருவர் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த பரிசாம். யாராவது கேட்டார்களா? அவள் அப்படிப் பிறந்தாள், அவ்வளவுதான், அதில்தான் அழகே இருந்தது.

மர்மத்தின் கதி இன்னும் மோசம். ஒன்பதாவதில் ஜேசனின் மனைவி கிறிஸ்டலை பாருக்குப் பின்னால் சிலுவையில் அறைந்து போட்டிருக்கிறார்கள். பயங்கரமான தொடக்கம். யார் செய்தது என்று நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால், ஃபேரிகளின் போர் தொடங்கி, சூக்கியைக் கடத்திச் சித்திரவதை செய்து (அது தாங்க முடியாத அத்தியாயம், அந்த வலியை அடுத்த புத்தகத்திலும் அவள் உடம்பில் விட்டுவைத்ததற்கு ஹாரிஸுக்கு ஒரு கும்பிடு), அந்தக் களேபரத்தில் கிறிஸ்டல் கொலைக்கு விடை போகிற போக்கில் வந்து விழுகிறது. துப்பறிய யாருக்கும் நேரமில்லை. காட்டேரி, ஓநாயாக, சிறுத்தையாக, புலியாக மாறுகிறவர்கள், ஃபேரி, பேய் என்று ஊரே நிரம்பிவிட்டால் சாதாரண மனுஷன் கொலை செய்தான் என்று யார் கவலைப்படுவார்கள்? ரெனே பயமுறுத்தினான் என்றால் அவன் பீர் கேட்டுக் கை காட்டுகிற சாதாரண ஆள் என்பதால்தான்.

பதினோராவதை மட்டும் இரண்டு தடவை கீழே வைத்துவிட்டு எடுத்தேன். பார் மேல் தீக்குண்டு எறிகிறார்கள். ஆஹா என்று நிமிர்ந்தால், அடுத்து சூக்கி மச்சு சுத்தம் செய்கிறாள். பழைய சாமான் வாங்குகிறவர்கள் வருகிறார்கள். பழைய மேஜையின் ரகசிய அறையில் ஃபேரிகளின் மந்திரப் பொருள் ஒன்று கிடைக்கிறது, எந்த ஒரு வரத்தையும் கொடுக்குமாம். தோழிக்குப் பிரசவத்துக்கு முன்னால் செய்கிற விருந்துக்கு வீட்டை அலங்கரிக்கிறாள். முதல் புத்தகத்திலும் இவள் துணி மடித்தாள், வெயிலில் படுத்தாள், ஆனால் அப்போதெல்லாம் அந்த அன்றாடத்துக்குப் பின்னால் ஒருவன் காத்துக்கொண்டிருந்தான். இங்கே அன்றாடம் மட்டும்தான். நம் ஊர் சீரியலில் தாலி கட்டப் போகிற நேரத்தில் முகத்துக்கு முகம் கேமரா போகுமே, அந்த இழுவை.

முடிவைப் பற்றி ஊரே சண்டை போட்டது. ஜெர்மனியில் யாருக்கோ புத்தகம் முன்கூட்டியே கிடைத்து முடிவு வெளியே கசிய, வருவதற்கு முன்பே ஹாரிஸை வரம்பு மீறி வறுத்தெடுத்தார்கள். எரிக் ஓக்லஹோமா ராணியைக் கட்டிக்கொண்டு போகிறான், சூக்கி பார் முதலாளி சாம் பக்கம் சேர்கிறாள். எரிக் கட்சிக்காரர்களுக்கு அது துரோகம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வெயிலில் படுத்துக் கிடக்கப் பிடித்த பெண் ராத்திரி மட்டும் நடமாடுகிறவனோடு எத்தனை நாள் ஓட்டுவாள்? என் பிரச்சினை வேறு. சாம் நினைத்தால் மிருகமாக மாறக்கூடிய மனுஷன், அவன் மனசு அவளுக்கு அரைகுறையாகக் கேட்கும். முழு மௌனமும் வேண்டாம், முழு சத்தமும் வேண்டாம், இந்த அரைச் சத்தத்தோடு வாழலாம் என்று அவள் முடிவு செய்வதாக ஒரே ஒரு அத்தியாயம் எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன். எழுதவில்லை. அதற்குப் பதிலாக அந்த மந்திரப் பொருளால் அவனைப் பிழைக்க வைக்கிறாள். ஆர்லீன் கொலை செய்யப்பட்டு சூக்கி மேல் பழி விழுகிறது, அடடா மறுபடி கொலை, மறுபடி பார், என்று ஆசையாகப் பார்த்தால் சாத்தானிடம் ஆன்மாவை விற்றவர் ஒருவர் நடுவில் வந்து நிற்கிறார்.

டிவியைப் பற்றி நாலு வரி. புத்தகத்தில் இரண்டாவதின் தொடக்கத்திலேயே பிணமாகக் கிடக்கும் மெர்லாட்ஸ் சமையல்காரன் லஃபாயெட்டை டிவியில் உயிரோடு வைத்திருந்தார்கள். நெல்சன் எல்லிஸ் நடித்ததைப் பார்த்த பிறகு அதற்காகவே எல்லாவற்றையும் மன்னிக்கலாம். ஆனால் அதுவும் இதே கிணற்றில்தான் விழுந்தது. டிவி தொடரை உருவாக்கிய ஆலன் பால் ஐந்தாவது சீசனோடு பொறுப்பை விட்டுப் போனார், அந்த சீசன் முடிவில் பில் ஆதி வாம்பயரின் ரத்தத்தைக் குடித்துக் கடவுள் மாதிரி எழுந்து நிற்கிறான். 80 எபிசோட் பார்த்தவர்களுக்கு 2014-ல் கடைசியில் கிடைத்தது, சூக்கியின் பக்கத்தில் முகம் காட்டாத ஒரு புருஷன். முகம்கூட இல்லை!

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றையும் மறைக்கக்கூடாது. 13-ஐயும் படித்து முடித்தேன். திட்டிக்கொண்டே, ராத்திரி இரண்டு மணிவரை. சூக்கி பேசுகிற குரல் கடைசிவரை மாறவில்லை, கஷ்டத்திலும் ஒரு கிண்டல் இருக்கும், அதற்காகத்தான் போனேன்.

நடுவில் ஒரு தப்பும் செய்தேன். பெங்களூரில் இருக்கும் சித்தி பெண் பார்க்க வந்தபோது முதல் ஏழையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். மீதி ஆறும் இருக்கிறது என்று சொல்லவில்லை. நேற்று ராத்திரி மெசேஜ், "அக்கா, ஹோட்டல் இடிஞ்சிருச்சு, அழுதுட்டேன், எட்டாவது உன்கிட்ட இருக்கா?" நீலக் குறி விழுந்துவிட்டது, பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரியும். எட்டாவது இதோ கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.